முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படி

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாப்பிள்ளையையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

போனில் நீ சொன்ன விஷயமாகத்தான் எழுதுகிறேன். 2011 டிசம்பரில் தானே புயல் முந்திரியைச் சாய்த்துவிட்டுப் போனதிலிருந்து அந்த ரெண்டு ஏக்கரில் மல்லாட்டையும் (நிலக்கடலை) உளுந்தும்தான் மாறி மாறிப் போடுகிறோம். அங்கே எலுமிச்சையும் சாத்துக்குடியும் வைக்கலாம் என்று நீங்கள் ரெண்டு பேரும் நினைத்தது எனக்குச் சந்தோஷம். தண்ணீர் தேங்காத செம்மண், போரிலும் தண்ணீர் இருக்கிறது. ஆனால் லாரியில் ஒட்டுச்செடி கொண்டுவந்து இறக்குகிறேன் என்றாரே, அந்த ஆளிடம் முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதே அம்மா.

பண்ருட்டிக்கு மேற்கே நமக்குத் தெரிந்தவர் ஒருவர் இப்படித்தான் வாங்கி வைத்தார். ஆரம்பத்தில் பார்க்க அவ்வளவு அழகு. அப்புறம் இலையில் பளிச்சென்று மஞ்சள் திட்டு விழ ஆரம்பித்தது. யூரியா போட்டார், துத்தநாகம் அடித்தார், மருந்துக்கடையில் சொன்னதையெல்லாம் வாங்கித் தெளித்தார். எதுவும் கேட்கவில்லை. அது மஞ்சள் தேமல் வைரஸ். ஆந்திராவில் சாத்துக்குடித் தோட்டங்களைப் படுத்துகிற அதே நோய். ஒட்டுக் கட்ட எடுக்கிற குச்சி, அதாவது ஒட்டுக்குச்சி, வெட்டிய தாய்மரத்திலேயே இருந்திருக்கிறது. ஒரு நோயாளி மரத்திலிருந்து நூறு குச்சி வெட்டினால் நூறு செடியும் நோயோடுதான் பிறக்கும். மரத்துக்குள் புகுந்த வைரஸைத் தோட்டத்தில் வைத்துக் கொல்ல மருந்தே கிடையாது. இதை நீ முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பூச்சிக்கு மருந்து உண்டு, பூசணத்துக்கு மருந்து உண்டு, இதற்கு இல்லை.

எலுமிச்சைக்கு இதைவிடப் பெரிய எதிரி ட்ரிஸ்டீசா என்கிற வைரஸ். போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மரத்தைப் பார்த்தேன். கொழுந்து இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் நரம்புகள் விட்டுவிட்டு, கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிகின்றன. இலை மேல்பக்கமாகக் குவிந்திருக்கிறது. ஒரு கிளையில் பட்டையை உரித்தோம். உள்ளே கட்டையில், ஊசிமுனை நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள், நீளவாக்கில் வரிசையாக. அந்த மரத்தில் காய் சிறுத்துவிட்டது, நுனிக்கிளைகள் காய்கின்றன. இன்னும் நிற்கிறது, ஆனால் அதில் வருமானம் இல்லை.

இதைப் பரப்புவது ஒட்டுக்குச்சியும், கொழுந்தில் அப்பிக்கொள்ளும் கறுப்பு அசுவினிப் பூச்சியும். அசுவினிக்கு மருந்து அடித்தால் போதாதா என்று மாப்பிள்ளை கேட்பார். நோயுள்ள மரத்தில் கொஞ்ச நேரம் சாறு உறிஞ்சினாலே அது வைரஸை வாங்கிக்கொள்ளும். அடுத்த மரத்தில் உட்கார்ந்து உறிஞ்சும்போது கொடுத்துவிடும். மருந்து பட்டு அது சாவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. மருந்தால் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான்.

பிரேசிலில் சாவ் பாலோ மாநிலத்தில் 1930களின் கடைசியில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் லட்சக்கணக்கான ஆரஞ்சு மரங்கள் இந்த ஒரே வைரஸால் போயின. புளிப்பு ஆரஞ்சை வேர்ச்செடியாக, அதாவது ஒட்டுக்கு அடியில் வேரோடு நிற்கிற செடியாக, வைத்து ஒட்டியதுதான் அங்கே வினையானது. அந்த ஜோடி ட்ரிஸ்டீசாவைத் தாங்காது. மீண்டும் எழுந்தபோது ரங்பூர் எலுமிச்சையை வேர்ச்செடியாக வைத்தார்கள். ரங்பூர் நம் வங்காளப் பக்கத்து ஊர், இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. அதோடு, அம்மை குத்துகிற மாதிரி, வீரியம் குறைந்த ட்ரிஸ்டீசாவை வேண்டுமென்றே செடிக்குள் ஏற்றி, கொடிய வகை வராமல் தடுத்தார்கள். 2003 முதல் சாவ் பாலோவில் சிட்ரஸ் (எலுமிச்சை, ஆரஞ்சு வகை) நாற்று எதுவானாலும் வலைக்கூடத்துக்குள்தான் வளர்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அவ்வளவு அடிபட்டவர்கள் நாற்றில்தான் கையை வைத்தார்கள் பார்.

கிரீனிங் நோயையும் சொல்லிவிடுகிறேன். அது வைரஸ் இல்லை, பாக்டீரியா. ஆனால் ஒட்டுக்குச்சி, பூச்சி என்று பரவும் வழி ஏறக்குறைய இதேதான். அமெரிக்காவில் புளோரிடாவில் 2005இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் வருஷத்துக்கு 24 கோடிப் பெட்டி வரை ஆரஞ்சு எடுத்த மாநிலம் இப்போது 2 கோடிப் பெட்டிக்கும் கீழே கிடக்கிறது. புயலும் ஒரு காரணம்தான், ஆனாலும் முக்கியமாக முதுகை ஒடித்தது இந்த நோய். இலையில் மஞ்சள் வந்தால் நடுநரம்புக்கு ரெண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அநேகமாகத் துத்தநாகக் குறை. ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி என்றால் கிரீனிங்கைச் சந்தேகப்படு.

அதைப் பரப்பும் பூச்சிக்கு நம் கறிவேப்பிலை என்றால் கொள்ளை ஆசை. கிணற்றடிச் செடியின் கொழுந்தைத் திருப்பிப் பார்த்தேன், இருக்கிறது. தலையைக் கீழே வைத்து வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தச் செடியை எடுத்துவிடலாம் என்றால் அம்மா சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. கொழுந்து விடும்போதெல்லாம் கவாத்து செய்து, வேப்பெண்ணெய் தெளித்துக்கொள்கிறேன். எலுமிச்சையை அந்தப் பக்கம் வைக்காமல் கிழக்கே தள்ளி வைப்போம்.

சரி, என்ன செய்யலாம் என்றால், எலுமிச்சையை விதையிலிருந்தே வளர்ப்போம். ட்ரிஸ்டீசா விதை வழியாக வராது. ஒரே விதையிலிருந்து ரெண்டு மூன்று நாற்று முளைக்கும், அவற்றில் பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும், அதனால் ரகம் கெடுமோ என்று பயப்பட வேண்டாம். பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம். 1 ரகத்தில் விதையோ நாற்றோ கிடைக்குமா என்று விசாரிக்கிறேன். விதையைக் காயவிடாமல் எடுத்த கையோடு விதைக்க வேண்டும். வெட்ட வெளியில் வளர்த்தால் அசுவினி வந்துவிடும், அதனால் பூச்சி வலைக்குள் வளர்ப்போம். ஒரு வருஷம் தள்ளிப்போகும், காய்ப்புக்கும் ஒட்டுச்செடியைவிடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். உனக்கு அது கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் இருபது வருஷம் நிற்கப்போகிற மரம் அம்மா. நடுவில் மல்லாட்டை போட்டுக்கொள்ளலாம், நிலம் சும்மா கிடக்காது.

சாத்துக்குடி வேண்டுமென்றால் ஒட்டுதான் கட்ட வேண்டும். நாக்பூரில் மத்திய சிட்ரஸ் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கொழுந்தின் நுனியில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத துண்டை எடுத்து, சோதனைக்குழாயில் வளரும் நாற்றில் ஒட்டுகிறார்கள். வைரஸ் பெரும்பாலும் அந்த நுனிவரை எட்டாது. அப்படி வந்த தாய்மரத்திலிருந்து எடுத்த செடியாக இருந்தால் வாங்கலாம், விலை கூடினாலும் சரி.

லாரிக்காரரிடம் மரியாதையாகவே கேள். தாய்மரம் எந்த ஊரில் இருக்கிறது, வைரஸுக்குச் சோதித்த சான்று இருக்கிறதா, வேர்ச்செடி என்ன, ஒட்டுக்கத்தியை மரத்துக்கு மரம் பிளீச்சிங் தண்ணீரில் கழுவுகிறார்களா. அவர் காகிதம் காட்டினால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கடலூர் தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டிக் கேட்கிறேன். காட்டாவிட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு.

வலைக்கு ஆகும் பணத்தை மட்டும் மாப்பிள்ளையை அனுப்பச் சொல். 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலைக்குக் கடலூரிலும் புதுச்சேரியிலும் விலை கேட்டுவிட்டுச் சொல்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கம்பி, கல்தூண் எல்லாம் சேர்ந்தே பார்த்துவிடலாம். லீவு கிடைக்கிறதா என்று முன்கூட்டியே சொல், அம்மா முறுக்குக்கு மாவு அரைக்க வேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
அன்புடன் அப்பா