ஜெபித்தவர்களுக்கும் ஓடி வந்தவர்களுக்கும் நன்றி

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்,

போன ஞாயிறு என் கணவர் ஊன்றுகோலுடன் ஆராதனைக்கு நடந்து வந்ததைப் பார்த்தீர்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் முதலில் அவருடைய கால்களையும், அப்புறம் கைகளையும், கடைசியில் மூச்சையும் முடக்கியது. வென்டிலேட்டர் வைத்து, இம்யூனோகுளோபுலின் என்கிற மருந்தை ஏற்றினார்கள். அதன் விலையைக் கேட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் ஐக்கியத்து அக்காமார் அன்று சாயங்காலமே பணத்தோடு வந்து நின்றீர்கள். யார் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

புத்தாண்டு ஆராதனையில் எங்களுக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' ஐசியூ வாசலில் அதையே சொல்லிச் சொல்லி அழுதேன். ஆயர் ஐயா, நீங்கள் அதற்கு முந்தின வசனத்தையும் வாசித்தீர்கள். பாபிலோனில் சிறையிருப்பு 70 வருஷம் நிறைவேறின பின்புதான் கர்த்தர் தம் ஜனத்தைச் சந்திப்பாராம். அந்த நேரத்தில் கேட்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் வாரக்கணக்கில் ஒரு விரல்கூட அசையாதபோது என்னைத் தாங்கியது அந்த வசனம்தான்.

தலைமையாசிரியர் அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வேன்? மகளின் கல்லூரிச் சேர்க்கையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியிருந்தோம். நீங்களே கட்டணம் கட்டி ரசீதைக் கொண்டுவந்து, "அப்பா எழுந்து வருவார், பிள்ளை படிக்கட்டும்" என்றீர்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்க, காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா தீர்க்கதரிசி 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, தன் ஊரான ஆனதோத்தில் நிலத்தை வாங்கினாரே! தேசமே கைவிட்டுப் போகிற வேளையில் பத்திரம் எழுதி, அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னாரே! இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலங்கள் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னதை அவர் நம்பினார். கர்த்தர் சொன்னதை நம்புவது என்றால் இதுதான் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அந்த ரசீது என் வேதாகமத்தில் எரேமியா 32-ல் இருக்கிறது.

ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ பாய், தங்கள் கோவிலில் எங்களுக்காக விளக்கேற்றிய எதிர்வீட்டு அம்மா, என் கணவரைப் பிள்ளைபோல நடக்கப் பழக்கிய பிசியோதெரபி தம்பி, உங்களையெல்லாம் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

விரல்களில் இன்னும் முழுப் பலம் வரவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். நாளாகும் என்கிறார்கள் டாக்டர்கள். சரி, காத்திருக்கிறோம், வாக்குத்தத்தம் பண்ணினவர் உண்மையுள்ளவர். தொடர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஸ்தோத்திர காணிக்கை படைக்கிறோம். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் எங்களோடு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உங்கள் சகோதரி