டிஎஸ்எச் நார்மல், களைப்பு மட்டும் போகவில்லை

தைராய்டு நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்எச்சை இரத்தத்தில் பார்த்துவிட்டு, "டிஎஸ்எச் நார்மல், இதே மாத்திரையைத் தொடருங்கள்" என்று சொல்லி எங்களில் பலரை அனுப்பிவைக்கிறீர்கள். சோர்வு, மறதி, முடி உதிர்தல் எல்லாம் எங்கள் கூடவே வீடு திரும்புகின்றன.

தைராய்டு சுரப்பியே பழுதானவர்களுக்கு மாத்திரையின் அளவு போதுமா என்று பார்க்க டிஎஸ்எச்சே நல்ல அளவுகோல். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் களைப்பு எங்கிருந்து வருகிறது என்று அது சொல்லாது. கோளாறு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருந்தாலோ அளவுகோலாகவும் அது உதவாது; இரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 பார்த்தாக வேண்டும்.

உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய்க்குத் துணை சேர்த்துக்கொள்ளும் குணம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பி12 சத்தை உறிஞ்சவிடாத இரத்தசோகை அதன் கூட்டாளி. கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயும் அப்படித்தான்: அது குடலைக் கெடுத்து, எங்கள் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினையும் உள்ளே விடாது. மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகும்போது, ஏன் ஏறுகிறது என்று யாராவது கேட்க வேண்டாமா? அட்ரினல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோய் அரிதுதான். ஆனால் எடை குறைந்து, இரத்த அழுத்தம் தாழ்ந்து, தோல் கறுத்து வருபவருக்குக் அட்ரினல் ஹார்மோனான கார்டிசாலைப் பார்க்காமல் லெவோதைராக்சினைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெர்ரிடின் தரைதட்டிக் கிடக்கலாம். பலத்த குறட்டைக்குப் பின்னால் உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருக்கலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதையே பலருக்கு யாரும் சொல்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், முடி கொட்டுகிறதே என்று கடையில் வாங்கி விழுங்கும் பயோட்டின் வைட்டமின் சில ஆய்வக முறைகளில் டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அந்தப் பொய்க் கணக்கை நம்பி மாத்திரையைக் குறைத்தால் முடி இன்னும் கொட்டும்!

மாத்திரையைக் கூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். எல்லோருக்கும் தைராய்டின் இன்னொரு ஹார்மோனான டி3 சேர்த்துக் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. அது பொதுவாக மேலானது என்று ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

நான் கேட்பது இதுதான்: டிஎஸ்எச் சரியாகியும் தொல்லை நீடித்தால், அதைக் குறிப்பேட்டில் தனிப் புகாராகப் பதியுங்கள். அதற்கென்று ஒரு சந்திப்பு ஒதுக்குங்கள். என்னென்ன மாத்திரை, எந்த நேரத்தில் என்று முதலில் கேளுங்கள். பிறகு இரத்தப் பரிசோதனைக்கு எழுதுங்கள். மனச்சோர்வையும் விசாரியுங்கள், ஆனால் மற்றதைத் தேடாமல் இருக்க அதைச் சாக்காக்காதீர்கள்.

இப்படிக்கு,
பல ஆண்டுகளாக லெவோதைராக்சின் எடுத்துவரும் ஒருவர்