குதிரைக்கு மஞ்சள் குடுக்குறதுக்கு முன்னாடி குளம்பைத் தூக்கிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கெழமை நம்ம பேப்பர்ல மஞ்சளோட மகிமை பத்தி அரைப்பக்கம் வந்திருந்துச்சு, கோப்பிக்கடைல உக்காந்து முழுசா படிச்சேன், எல்லாம் சரிதான், ஆனா கடைசில "செல்லப்பிராணிகளுக்கும் கொடுக்கலாம்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். நாய் பூனை கத எனக்குத் தெரியாது. குதிரை தெரியும்.

நான் 1991ல புதுக்கோட்டை பக்கத்துலேருந்து இங்க சிங்கப்பூருக்கு வந்தவன், புக்கிட் தீமா ரேஸ் லாயத்துல சைஸ் வேலைக்கு, அதாவது குதிரையப் பாத்துக்கிற வேலைக்குச் சேந்தேன், அப்புறம் 1999ல ரேஸ் மைதானம் கிராஞ்சிக்கு மாறுனப்ப குதிரையோட நானும் மாறிட்டேன். 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசி ரேஸ் ஓடுன அன்னிக்கும் அங்கதான் நின்னேன். 1842லேருந்து இந்த ஊர்ல இருந்த ஒரு விஷயம் அன்னிக்கு சாயங்காலத்தோட முடிஞ்சுது, அத பத்தி எழுதுனா இந்த லெட்டர் முடியாது, விடுங்க. இப்ப ஒரு ரைடிங் ஸ்டேபிள்ல வாரத்துக்கு நாலு நாள் பார்ட் டைம். அங்க சொந்தமா குதிரை வச்சிருக்கிறவங்க பாதிப்பேர் மஞ்சள் பேஸ்ட் கிண்டுறாங்க சார்.

பேஸ்ட்னா என்னன்னா, மஞ்சத்தூள தண்ணில போட்டு அடுப்புல கிண்டி, தேங்காய் எண்ணெய் இல்லன்னா ஆளிவிதை எண்ணெய் ஊத்தி, மிளகுத்தூள் போட்டு டப்பால அடைச்சு ஃபிரிட்ஜ்ல வச்சிருவாங்க, தீவனத்துல காலைல ஒரு கரண்டி சாயங்காலம் ஒரு கரண்டி. மூட்டு வலிக்கு, தோல் அரிப்புக்கு, எல்லாத்துக்கும் அதே கரண்டிதான். வெள்ளக்குதிரையா இருந்தா வாயச் சுத்தி நலங்கு வச்ச பொண்ணு மாதிரி மஞ்சளா நிக்கும், நம்ம டீசர்ட்டுல ஒரு தேய் தேய்ச்சுதுன்னா அந்தக் கறை எந்த சோப்புக்கும் போகாது.

ஏன் மஞ்சளுக்குப் போறாங்கன்னும் எனக்குப் புரியுது. வலிக்கு வெட், அதாவது கால்நடை டாக்டர், குடுக்குற பியூட்ங்கிற வலி மருந்துப் பவுடர ரொம்ப நாள் குடுத்தா குதிரைக்கு வயித்துல புண்ணு வரும், அந்தப் பயத்துல இயற்கையா ஏதாவது குடுப்போம்னு நினைக்கிறது தப்பில்ல. ஆனா மஞ்சள் டப்பா கைல இருந்தா வெட்டுக்குப் போன் பண்ற கை தள்ளிப் போகுது. போன வருஷக் கடைசி மழைல நான் பாத்தது அதைத்தான்.

பதினாலு வயசு குதிரை, நல்ல சாது. திடீர்னு முன் வலது கால ஊணாம மூணு கால்ல நிக்குது. ஓனர் நம்ம தமிழ்ப் பொண்ணுதான், நல்ல வேலைல இருக்கிறவங்க, குதிரை மேல உசுரு. வயசாயிடுச்சுல்ல, மூட்டு வாதம்தான், மஞ்சள ரெட்டிப்பாக்குங்க அண்ணேன்னு சொல்லிட்டாங்க. நான் கணுக்கால் பின்பக்கம் ரெண்டு விரல வச்சுப் பாத்தேன், நாடி டங்கு டங்குனு அடிக்குது, குளம்பத் தொட்டா மத்த மூணையும் விட சூடா இருக்கு. மூட்டு இல்லம்மா, குளம்புக்குள்ள ஏதோ இருக்கு, வெட்ட கூப்பிடலாம்னேன். "எங்க பாட்டி எல்லாத்துக்கும் மஞ்சள்தான் அண்ணே வைப்பாங்க"ன்னாங்க. பாட்டி குதிரை வளத்தாங்களாம்மான்னு கேட்டேன், சிரிச்சாங்க, ஆனா கேக்கல. நானும் பார்ட் டைம் ஆளு, அதுக்கு மேல எப்படி வாதாடுறது.

அஞ்சு நாள் போச்சு. ஆறாம் நாள் தீவனமே வேணாம்னு மூஞ்சத் திருப்பிக்கிச்சு, அப்பதான் வெட் வந்தாங்க, லாடம் அடிக்கிறவரும் வந்தாரு. லாடத்தக் கழட்டி குளம்ப மடியில வச்சு, கொக்கிக் கத்தியால அடிப்பக்கம் வெள்ளக்கோட்டு ஓரமா கொஞ்சம் கொஞ்சமா செதுக்குறாரு, ஒரு கருப்புப் புள்ளி தெரிஞ்சுது, அதத் தொடர்ந்து போனாரு, சட்டுனு கருப்பா தண்ணி மாதிரி சீழ் பீறிக்கிட்டு வந்துச்சு பாருங்க, அந்த நாத்தத்த எழுதுனா நீங்க பேப்பர்ல போட மாட்டீங்க. குளம்பு நகம் மாதிரி கெட்டி, உள்ள சீழ் கட்டுனா வீங்கறதுக்குக்கூட எடம் கெடையாது, அதனாலதான் அந்த வலி, தொறந்து விடுறதத் தவிர வேற வழியே இல்ல. அப்புறம் எப்சம் சால்ட் வச்சு, குழந்தைக்குக் கட்டுற டயப்பர குளம்புல மாட்டி, மேல டக்ட் டேப் சுத்தி விட்டோம். மறுநாள் காலைல நாலு கால்லயும் நின்னுச்சு. அஞ்சு நாள் பட்ட வலி, பத்து நிமிஷ வேலை.

சரி, அளவுக் கணக்குக்கு வருவோம். மஞ்சள்ல வேலை செய்யற சரக்கு குர்குமின், தூள்ல அது நூத்துக்கு மூணு பங்கு பக்கம்தான் இருக்கும், பத்து கிராம் தூள் போட்டா 0.3 கிராம். மிளகு சேத்தா மஞ்சள் நல்லா ஒடம்புல ஏறும்னு எல்லாரும் சொல்றதுக்கு ஆதாரம் 1998ல பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல செஞ்ச ஆராய்ச்சி, அதுல எலியும் மனுஷங்களும்தான், குதிரை இல்ல. அந்த மனுஷங்களுக்குக் குடுத்ததே 2 கிராம் குர்குமின். நம்ம குதிரை 500 கிலோ, ஒரு நாளைக்கு எட்டுலேருந்து பத்து கிலோ புல்லு திங்கிற ஜீவன், அதுக்கு 0.3 கிராம் போட்டுட்டு ஓட்டம் மாறிடுச்சு, கண்ணு பளபளங்குதுன்னா நான் என்னத்தச் சொல்ல.

மிளகுலயும் ஒரு சங்கதி இருக்கு. அதுல இருக்கிற பைப்பரின், ஈரல் வேலைய கொஞ்சம் தடுக்குறதாலதான் குர்குமின் ரத்தத்துல தங்குது, ஆனா அது மஞ்சள மட்டும் பாத்து நிறுத்தி வைக்காது, அதே நேரம் வேற மருந்து ஓடிக்கிட்டு இருந்தா அதையும் நிறுத்தி வைக்கலாம். அதனால பேஸ்ட் குடுக்கிறவங்க வெட் கிட்ட அத மறைக்கக் கூடாது. சாப்பாட்டு அயிட்டம்தானேன்னு யாருமே சொல்றதில்ல. ரேஸ் காலத்துல வெட்டுக்குத் தெரியாம ஒரு துண்டு வெல்லம் போடக்கூட எங்களுக்குப் பயம். ரேஸ் முடிஞ்ச ஒடனே ஊக்கமருந்து சோதனைக்கு சாம்பிள் எடுக்குற ரூமுக்குக் கூட்டிட்டுப் போவோம், குதிரை மூத்திரம் போற வரைக்கும் பக்கத்துல நின்னு விசில் அடிக்கணும், சில குதிரைக்கு முக்கா மணி நேரம் அடிச்சிருக்கேன், வாயே காஞ்சிரும்.

இன்னொன்னு, வெலை கம்மியா இருக்குன்னு எங்கேருந்து வந்ததுன்னே தெரியாத தூள மூட்டை மூட்டையா வாங்குறாங்க. கலர் பளிச்சுனு தெரியறதுக்கு ஈயம் கலந்த சாயத்த, லெட் குரோமேட்னு பேரு, மஞ்சள்ல சேக்குற வேலை பங்களாதேஷ்ல நடந்தது 2019ல ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சில வெளிய வந்துச்சு. மனுஷன் கொழம்புல அர ஸ்பூன் போடுவான், குதிரைக்கு தெனம் ரெண்டு கரண்டி. அதோட குதிரையால வாந்தி எடுக்கவும் முடியாது, உள்ள போனது போனதுதான். என் சம்சாரம் இன்னும் விரலி மஞ்சள காய வச்சு தேக்கா பக்கம் மில்லுல குடுத்துதான் அரைக்கிறா, அந்தத் தூள் இவ்வளவு பளிச்சுனு இருந்து நான் பாத்ததில்ல.

மஞ்சள நான் கொறை சொல்லல. காயம் ஆத்தறதுக்குன்னு 1995ல அமெரிக்கால பேட்டன்ட் குடுத்தத இந்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் சண்டை போட்டு 1997ல ரத்து பண்ண வச்சப்ப லாயத்துல டீ வாங்கிக் குடுத்தவன் நான். ஆனா அது மனுஷன் தோல்ல இருக்கிற காயம், அந்தப் பெருமைய குதிரைக் குளம்பு வரைக்கும் இழுக்க வேணாம்.

அதனால ஆசிரியர் கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அந்தக் கடைசி வரிக்கு கீழ, குதிரை வச்சிருக்கிறவங்க மொதல்ல வெட்ட கேளுங்கன்னு இன்னொரு வரி அடுத்த வாரம் போடுங்க, சின்ன எழுத்துல போட்டாக்கூடப் போதும்.

அந்தப் பொண்ணு இப்ப காலைல வந்த ஒடனே நாலு குளம்பையும் தூக்கிப் பாக்குறாங்க, நாடி பாக்கவும் கத்துக்கிட்டாங்க. மிச்ச பேஸ்ட் டப்பாவ தூக்கிப் போடப் போனாங்க. மஞ்சள், மிளகு, தேங்காய் எண்ணெய், உப்பும் மொளகாத்தூளும் சேத்தா மீன் வறுவலுக்கு ஆச்சேம்மா, குடுங்கன்னு வாங்கிக்கிட்டேன். தூள் எந்த ஊருன்னு கேட்டுட்டுதான்.

இப்படிக்கு,
ஒரு பழைய சைஸ்,
ஈசூன்