ஃபைனோபெப்லா போட்டிருப்பது யாருடைய ஆடை?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரிசோனா பக்கத்துப் பாலைவனப் பறவைகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், ஃபைனோபெப்லா என்றால் 'கறுப்புப் பறவை' என்று பொருள் போட்டிருந்தீர்கள். தவறு. கறுப்பு என்கிற சொல்லே அந்தப் பெயரில் கிடையாது. கிரேக்கத்தில் முன்பாதி மினுங்குவது, பின்பாதி பெப்லோஸ், அதாவது ஆடை. அறிவியல் பெயரில் கூடவே வரும் நிட்டென்ஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கும் மினுங்குவது என்றுதான் அர்த்தம். அது 1838இல் ஸ்வெயின்சன் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் வைத்தது, ஃபைனோபெப்லா அப்புறம் வந்து சேர்ந்தது. ஆக, 'நடு சென்டர்' என்போமே, அந்தக் கதைதான்.

பெப்லோஸ் பழைய கிரேக்கத்தில் பெண்கள் உடுத்தியது என்பதுதான் எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. ஏதென்ஸில் திருவிழா அன்று அதீனா தேவிக்கு நெய்து சாத்தியதும் அதைத்தான். பறவையிலோ மினுங்குவது ஆண் மட்டும்: கொண்டையிலிருந்து வால்வரை பட்டுபோல் கறுப்பு, சிவந்த கண், சிறகை விரித்தால் மட்டும் பளிச்சென்று தெரிகிற வெள்ளைத் திட்டு. பெட்டைக்கும் கொண்டை உண்டு, சிவந்த கண்ணும் உண்டு, ஆனால் உடம்பு வெறும் சாம்பல். பெண்ணுடைய உடையை எடுத்து ஆணுக்குப் போட்டுவிட்டு, அந்தப் பெயரையே பெண்ணுக்கும் வைத்துக் கூப்பிடுகிறார்கள்!

ஆங்கிலத்தில் இதன் குடும்பத்தைப் 'பட்டு ஈப்பிடிப்பான்' என்பதும் அரைகுறைதான். பறந்து பறந்து பூச்சி பிடிக்கும், சரி. ஆனால் குளிர்காலம் முழுக்க அதற்குச் சோறு போடுவது மெஸ்கீட், பாலோ வெர்டே மரங்களில் தொற்றிக்கொண்டு வளரும் புல்லுருவிதான். ஒரே நாளில் ஆயிரம் பழத்துக்கு மேல்கூட விழுங்கும், பழத்தில் இருக்கிற ஈரமே போதும் என்று தண்ணீர்ப் பக்கம் அபூர்வமாகத்தான் போகும், வயிற்றுக்குள்ளேயே தோலை உரித்துத் தனியாகத் தள்ளுகிற வசதி வேறு அதற்கு இருக்கிறது. எச்சத்தோடு விழும் விதை கிளையில் ஒட்டி, அடுத்த புல்லுருவி முளைக்கிறது. கூட்டையும் பல சமயம் அந்தக் கொத்துக்குள்ளேயே கட்டும். கோடை வெயில் ஏறியதும் ஓக் மரக் காடுகளுக்குப் போய்விடும். என்னைக் கேட்டிருந்தால் 'கொண்டைப் புல்லுருவிக் குருவி' என்று வைத்திருப்பேன், யார் கேட்டார்கள்!

அடுத்த ஞாயிறு ஒரு வரித் திருத்தம் போடுங்கள். முடிந்தால் பெட்டையின் படத்தோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்