இசை கேட்போர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். மேற்கத்திய செவ்வியல் இசை வரலாற்றைப் பற்றிப் பேசுவதைக் குறைத்து, கேட்பதைக் கூட்ட வேண்டும். ஒரு கூட்டத்துக்கு ஒரே படைப்பு. முதலில் எதுவும் சொல்லாமல் கேட்பது, காதில் விழுந்ததைப் பேசுவது, அப்புறம்தான் ஆண்டு, ஊர், ஆள் விவரம். கடைசியில் மறுபடியும் அதையே கேட்பது. “பாடம் நடத்தாமல் பாட்டுப் போட்டால் வரலாறு எப்படித் தெரியும்?” என்று கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த அறிக்கை.

பெரோத்தினின் ‘விதெருந்த் ஓம்னெஸ்’ படைப்பில் தொடங்கினோம். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் நான்கு குரல்களுக்காக உருவானது. அடிக்குரல் பழைய தேவாலயப் பாட்டின் ஓர் அசையைப் பிடித்து நிற்க, மேலே மூன்று குரல்கள் துள்ளி ஓடுகின்றன. தம்புரா கேட்டுப் பழகிய நமக்கு அது சுருதியாகவே பட்டது. இரண்டாம் முறைதான் ஓர் உறுப்பினர் பிடித்தார்: அந்தச் சுருதி இடம் மாறுகிறது! மிக மிக மெதுவாக நகரும் ஒரு பாட்டு அது.

1741இல் அச்சான பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ (ஒரே அடிப்படையை வைத்து மாற்றி மாற்றி அமைத்த துண்டுகளின் வரிசை) முதலில் சலிப்பைத்தான் தந்தது. தொடக்கத்தில் வந்த மெட்டைத் தேடியவர்களுக்கு அது 30 வேரியேஷன்களிலும் அகப்படவில்லை. அடியில் நகரும் பாஸ் (கீழ்ச்சுரங்கள்) வரிசையில் காதை வைக்கச் சொன்ன பிறகு முகங்கள் மாறின. (பழைய ஒலிபெருக்கியில் பாஸ் சரியாகக் கேட்காததால்தான் புதியது வாங்கினோம். செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.)

மோட்சார்ட், ஷூபர்ட் கூட்டங்கள் நன்றாக நடந்தன.

இந்த ஆண்டின் சிறந்த மாலை பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனி. அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நெப்போலியன் கதையை முதலில் மூச்சுவிடவில்லை. வாத்தியக் குழு முழுதும் சேர்ந்து இரண்டு அதிரடி, உடனே செல்லோவில் (வயலின் குடும்பத்தின் கனத்த குரல் வாத்தியம்) மெட்டு. அது இறங்கி வந்து நிற்கும் இடத்தில், “இங்கே அந்நிய சுரம் விழுகிறதே” என்றார் வீணை வாசிக்கும் உறுப்பினர் ஒருவர். முதல் பகுதி முழுக்க அந்தச் சுரம் கிளப்பிவிட்ட சங்கடத்தோடு மல்லுக்கட்டுவதாகவே எனக்குப் படுகிறது. பிறகு, தொடக்க மெட்டு திரும்புவதற்குச் சற்று முன்னால், வயலின்கள் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே ஹார்ன் என்ற ஊதுகருவி ஒன்று அவசரப்பட்டு அதை ஆரம்பித்துவிடுகிறது. வாசித்தவர் தவறிவிட்டார் என்றார்கள் பலர். ஒத்திகையில் பீத்தோவனின் மாணவர் ரீஸும் அதையேதான் சொல்லி, ஆசிரியரிடம் அறை வாங்காத குறையாகத் தப்பினார். இதைச் சொன்னதும் நம்மவர்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

1805இல் வியன்னாவில் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் வாசித்தபோது, “இதை நிறுத்தினால் இன்னொரு காசு தருகிறேன்” என்று மாடியிலிருந்து ஒருவர் கத்தியதாக பீத்தோவனின் இன்னொரு மாணவரான செர்னி சொல்லியிருக்கிறார். நெப்போலியன் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார் என்று கேட்டு பீத்தோவன் சிம்பொனியின் முகப்பிலிருந்து அவர் பெயரை நீக்கிய கதை கடைசியில்தான் வந்தது. அதற்குள் சிம்பொனி அதன் சொந்தக் காலில் நின்றுவிட்டது.

ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’க்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1913இல் பாரிஸில் இந்த பாலே முதன்முதலாக அரங்கேறியபோது பார்வையாளர்கள் செய்த ரகளை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும், ரகளைக்காகவே காத்திருந்தார்கள். தொடக்கத்தில் பசூன் என்ற கனத்த குரல் ஊதுகருவி தன் எல்லையின் உச்சியில் போய்ப் பாடுவதைப் பெரும்பாலோர் கோட்டைவிட்டார்கள். கதை முன்னால் வந்தால் காது பின்னால் போய்விடுகிறது என்பது என் கட்சி. துணைத்தலைவருக்கு இதில் உடன்பாடில்லை. அதையும் பதிவு செய்கிறேன்.

பெண்களின் படைப்பு ஒன்றுகூட இடம்பெறவில்லை என்ற புகார் நியாயமானது. வரும் ஆண்டுக்கு 12ஆம் நூற்றாண்டின் கன்னியாஸ்திரி ஹில்டகார்டின் பாடல்களையும், கிளாரா ஷூமனின் 1846ஆம் ஆண்டு பியானோ ட்ரியோவையும் (பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான படைப்பு) செயற்குழு முன்மொழிகிறது. கைப்பேசியை அணைத்துவிட்டு அமரும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்