எங்கள் கல்மணி நகைச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஒரு மாதம் தவிர எல்லா மாதமும் கூட்டம் நடந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் கூட்டம் வைத்தது என் தவறு. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

நான் சொல்ல வேண்டியது பேரோஜா, அதாவது டர்காய்ஸ் என்னும் நீலக் கல்லின் விவகாரம். பேரோஜா என்று நம்பி வாங்கிய சரங்களைக் கோர்த்து விற்றோம். மே மாத வெயிலில் அந்த மாலையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன ஒரு அக்கா, மறுநாளே வந்து ரவிக்கையின் கழுத்தைக் காட்டினார். நீலமாக ஊறியிருந்தது. மாலைக்கும் ரவிக்கைக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தோம். அப்புறம் நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து மீதி மணிகளைத் தேய்த்தால், பஞ்சும் நீலம். ஹவ்லைட் என்று ஒரு வெள்ளைக் கல் உண்டு. சாயத்தை நன்றாக உறிஞ்சும், சாம்பல் நரம்புகளும் ஓடும். அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் இயற்கைக் கல்தான், பெயர்தான் பொய்.

இப்போது எந்தச் சரம் வந்தாலும் ஒரு மணியைத் தேய்த்துப் பார்த்த பிறகே ஊசியை எடுக்கிறோம். ஸ்படிகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறோம். கண்ணாடியைவிடச் சில்லென்று இருக்கும், சூடேற நேரமாகும். லென்ஸில் உருண்டைக் குமிழ் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒருவழியாக இந்த ஆண்டு போய் வந்தோம். சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லில் செய்த மணிகளின் முன்னால் நம்மவர்கள் யாரும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை, துளையைப் பற்றியே பேச்சு. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 7-ஐ ஒட்டிய கெட்டிக் கல், கண்ணாடியையே கீறும். மின்சாரம் இல்லாத காலத்தில் அதைத் துளைக்க எத்தனை பொறுமை வேண்டும்! அந்தக் கல் குஜராத் பக்கமிருந்து வந்திருக்கும் என்கிறார்கள். அங்கே கம்பாத்தில் கல்லைச் சூடேற்றித்தான் சிவப்பைக் கூட்டுவது வழக்கம். கல்லில் இருக்கும் இரும்பு சிவக்கிறது. “அப்படியென்றால் சாயம் மட்டும் என்ன தப்பு?” என்று ஒருவர் கேட்கப்போய், திரும்பும் வழியில் தெப்பக்குளம் வரும்வரை வாக்குவாதம். என்னைக் கேட்டால், சூட்டில் வந்த சிவப்பு ரவிக்கையில் ஒட்டாது. ஆனால் வாங்குபவர் கேட்டால் அதையும் மறைக்கக் கூடாது.

இன்னொன்று. 16 அங்குலச் சரத்தில் 8 மில்லிமீட்டர் மணி ஏறக்குறைய 50 பிடிக்கும். நம் உறுப்பினர் ஒருவரின் மாலை ஓடும் பஸ்ஸில் அறுந்தது. கிடைத்தவை பாதிகூட இல்லை. துளையின் விளிம்பு கூராக இருந்தால் நூலை அறுத்துவிடும். மணிக்கு மணி முடிச்சுப் போட்டால் அறுந்தாலும் ஒன்றிரண்டோடு போகும். நேரம் பிடிக்கிறது, கூலி கட்டவில்லை என்பவர்கள் முடிச்சு மாலைக்குத் தனி விலை சொல்லட்டும்.

செவ்வந்திக்கல் (ஊதா நிற அமெதிஸ்ட்) மாலைகளை ஜன்னலோரம் தொங்கவிட வேண்டாம், வெயிலில் வெளுக்கும். போன ஆண்டும் சொன்னேன்.

இன்று முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு மாலையின் சீட்டிலும் கல்லின் பெயரோடு, சாயமிட்டதா இல்லையா என்றும் எழுதலாமா? விற்பனை குறையும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்த நீலச் சரங்கள் இன்னும் என் வீட்டு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. அவற்றை ‘சாயமிட்ட ஹவ்லைட்’ என்று எழுதி விற்பதா, வகுப்பில் பழகக் கொடுப்பதா என்பதையும் இதோடு சேர்த்தே பேசிவிடலாம்.

செயலாளர்