ஒரே நாளில் நான்கு நாடுகள்

சூரிச்,
நவம்பர் 9

அன்பின் நண்பனுக்கு,

ஆல்ப்ஸ் மலைகளில் நாம் போகவிருக்கும் குளிர்காலக் கார்ப் பயணம் பற்றிய உன் கடிதம் கிடைத்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு முழங்கால் படியேற விடுகிறது என்று எழுதியிருந்ததை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தக் காலோடு பனிக்குள் எதற்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பதிலை நீயே நேரில் வந்து சொல்லிக்கொள்.

முதலில், லண்டனிலிருந்து உன் காரிலேயே வருகிறேன் என்ற எண்ணத்தை விட்டுவிடு. உன் டயர்கள் கோடைக்கானவை. குளிர் 7 பாகைக்குக் கீழே இறங்கினால் அந்த ரப்பர் இறுகி, சாலையைப் பிடிக்காது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். அதிலும் டயரின் பள்ளங்கள் தேய்ந்துபோகாமல் குறைந்தது 4 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். சுவிஸில் அப்படி நேரடிச் சட்டம் இல்லை. ஆனால் கோடை டயரோடு போய் யாரையாவது இடித்தால் காப்புறுதிக்காரர் உன்னைத்தான் பார்ப்பார். விமானத்தில் வா. என் கார் போதும்.

நீ படம் அனுப்பிய ஸ்டெல்வியோ கணவாயும் இல்லை. 2,757 மீட்டர் உயரம், ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள், படத்தில் அழகுதான். குளிர்காலம் முழுக்க அது மூடிக் கிடக்கும். கோத்தார்ட் கணவாயும் அப்படியே. அதன் அடியில் 17 கிலோமீட்டர் சுரங்கப்பாதை இருக்கிறது, ஆனால் மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டு போவதற்கு நீ ஏன் லண்டனிலிருந்து வர வேண்டும்?

நான் நினைத்திருக்கும் வழி வேறு. முதல் நாள் குளோஸ்டர்ஸ் வரை போய், அங்கே காரை ரயிலில் ஏற்றுவோம். காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க, வெரைனா சுரங்கத்தின் 19 கிலோமீட்டரை ரயில் கடந்துவிடும். மறுபக்கம் எங்கடீன் பள்ளத்தாக்கு. செர்னெஸ் ஊரிலிருந்து ஓஃபன் கணவாய் ஏறுகிறது. 2,149 மீட்டர் உயரமாக இருந்தும் குளிர்காலத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். சாலை 1914இல் உருவான சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள்ளால் போகிறது. மஞ்சள் நிறத் தபால் பஸ் மூன்று சுரத்தில் ஹார்ன் அடித்தால் ஒதுங்கிவிட வேண்டும். அந்த மலைச்சாலைகளில் அதன் சாரதி சொல்வதே சட்டம். இரவு மியுஸ்டேரில் தங்கல். அங்குள்ள மடத்தில் 1,200 ஆண்டுப் பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன. உன் முழங்காலுக்கும் ஓய்வு.

மறுநாள்தான் எனக்கு முக்கியம். காலையில் மியுஸ்டேரைத் தாண்டினால் இத்தாலி. மதில் சூழ்ந்த குளூர்ன்ஸ் என்ற குட்டி நகரத்தைப் பார்த்துவிட்டு ரெஷன் கணவாய் ஏறினால், 1,504 மீட்டரில் ஆஸ்திரியா. லாண்டெக், ஆர்ல்பெர்க், ஃபெல்ட்கிர்ஹ் என்று போய் லீக்டன்ஸ்டைனுக்குள் நுழைந்து, ரைன் நதியைத் தாண்டி மறுபடி சுவிஸ். காலையிலிருந்து மாலைக்குள் நான்கு நாடுகள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் அந்தப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் மூன்று குளிர்காலம் பாத்திரம் கழுவினேன் அல்லவா? தலைமைச் சமையல்காரர் ஓய்வுநாளில் இத்தாலிக்குப் போய்க் கோப்பியும் சலாமியும் வாங்கி வருவார். என்னையும் கூப்பிடுவார். கையில் அகதி அட்டை. எல்லையைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. அதை விளக்க வெட்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் வயிற்றுவலி என்பேன். பாவம் மனிதர், கடைசியில் வயிற்றுக்கு மூலிகைத் தேநீர் வாங்கித் தந்தார். 2008இல் சுவிஸ், எல்லையில் கடவுச்சீட்டுச் சோதனையில்லாத ஷெங்கன் நாடுகளோடு சேர்ந்த பிறகு அந்த எல்லைகளில் கடவுச்சீட்டு கேட்பது அபூர்வம். சுங்கக்காரர் மட்டும் எப்போதும் மறிக்கலாம்.

ரெஷன் ஏரியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மின்சாரத்துக்காக 1950இல் நீரைத் தேக்கி கிரவுன் என்ற கிராமத்தை மூழ்கடித்தார்கள். 14ஆம் நூற்றாண்டுத் தேவாலயக் கோபுரம் மட்டும் இன்னும் நீருக்கு வெளியே நிற்கிறது. குளிர்கால இரவுகளில் அதன் மணியோசை கேட்கும் என்பது ஊர்க்கதை. மணிகளையோ தண்ணீர் வருமுன்பே இறக்கிவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. இடிந்துபோன நம் பள்ளிக்கூடத்து மணி எனக்கும் சில காலைகளில் கேட்கிறது. காது மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை.

பனியில் வழுக்காமல் டயரில் பூட்டும் பனிச்சங்கிலி என்னிடம் இருக்கிறது, ஆனால் நீயும் பூட்டிப் பழக வேண்டும். ஒருமுறை யூலியர் கணவாயில், பெட்டியைக்கூடத் திறந்து பார்க்காமல் போய் மாட்டிக்கொண்டேன். மனைவி டார்ச் பிடிக்க, விறைத்த விரல்களோடு ஒரு மணி நேரம் பூட்டினேன். பூட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, என் காரில் இழுவை முன்சக்கரத்தில். நான் பூட்டியது பின்சக்கரத்தில். இந்தக் கதையை என் பிள்ளைகள் இன்னும் கல்யாண வீடுகளில் சொல்கிறார்கள். ஆகவே புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, என் வீட்டு முற்றத்தில், கையுறை போட்டுக்கொண்டு ஒத்திகை. இரவில் கைப்பிரேக் போடாமல் கியரில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

ஜனவரி கடைசி வாரத்தில் செவ்வாய், புதன் என்று வைத்திருக்கிறேன். வாரக்கடைசியில் கார் ரயிலுக்குப் பனிச்சறுக்குக்காரர்களின் வரிசை நீளம். என் பழைய சுவிஸ் வின்யெட், அதாவது நெடுஞ்சாலைக் கட்டண வில்லை, ஜனவரி 31 வரை செல்லும், 40 பிராங்க் மிச்சம். ஆஸ்திரியாவுக்கு 10 நாள் வின்யெட் எடுத்தால் போதும்; ஆர்ல்பெர்க் சுரங்கத்துக்கு மட்டும் தனிக் கட்டணம். வியாழக்கிழமையையும் வெறுமையாக விட்டு டிக்கெட் போடு. பனிச்சரிவு அபாயம் என்று சாலையை மூடினால் மியுஸ்டேரில் இன்னோர் இரவு தங்குவோம், சீட்டுக்கட்டு எடுத்து வைக்கிறேன்.

திரும்பும்போது தலைக்கு ஒரு கிலோ இறைச்சிதான் சுங்கவரியில்லாமல் சுவிஸுக்குள் கொண்டுவரலாம். அந்த ஒரு கிலோவைச் சூரிச்சில் நான் சமைப்பேன். உன் வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் கொண்டு வா, இரண்டு போத்தலாக.

உன்
பழைய வாங்குத் தோழன்